பந்து உருள நிலம் சமமாகட்டும்

மாலை வெயில் தணியும் வேளையிலே கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். இரு சோடிச் செருப்புகளே கோல் கம்பங்கள், தெருவே மைதானம். முச்சக்கர வண்டி வந்தால் ஆட்டம் நிற்கும். அது போனதும் தொடரும். புறக்கோட்டைக் கடைகளில் உழைப்போரின் பிள்ளைகளும் அங்கே ஆடுவர். எவன் எந்தப் பாடசாலையைச் சேர்ந்தவன் என்று பந்து கேட்பதில்லை.

அதே சிறுவர்கள் பாடசாலைக் கொடியின் கீழ்ப் போட்டிக்குச் செல்லும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. ஒரு புறத்தில் சொந்த மைதானமும் பயிற்றுநரும் உடைய பெரிய கல்லூரி. மறு புறத்தில் முற்றத்தையே மைதானமாகக் கொண்ட சிறு வித்தியாலயம். ஒரு தோல்வியோடு வெளியேற்றும் முறையாயின், பல வாரங்கள் பயின்ற பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்ப வேண்டியதுதான். தனியார் பாடசாலைகளுக்கும் அரசாங்கப் பாடசாலைகளுக்கும் தனித்தனியே போட்டி வைத்தாலென்ன என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

இக்கேள்வி அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளிலும் நெடுங்காலமாக எழுப்பப்படுவது. அங்கே புட்போல் என்பது பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். வழக்கு மட்டும் இதுவே. பொதுப் பாடசாலை தன் எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளையே பெரும்பாலும் சேர்க்கும்; தனியார் பாடசாலையோ எங்கிருந்தும் சேர்க்கலாம். ஆதலின் டெக்சாஸ் மாநிலத்தில் இரு சாராருக்கும் பெரும்பாலும் வெவ்வேறு சங்கங்கள் போட்டி நடத்துகின்றன. இல்லினோய் மாநிலம் 2005ஆம் ஆண்டில் ஒரு புதுக்கணக்கை வகுத்தது. எல்லையின்றி மாணவரைச் சேர்க்கும் பாடசாலையின் மாணவர் தொகை 1.65 ஆற் பெருக்கப்படும். 1,000 பேர் படித்தால் 1,650 பேர் எனக் கொண்டு, பெரிய பாடசாலைகளின் பிரிவில் அது சேர்க்கப்படலாம். இந்தியானா மாநிலமோ, நடத்துபவர் யார் என்று பாராது, மீண்டும் மீண்டும் வெல்லும் பாடசாலையை மேற்பிரிவுக்கு உயர்த்துகிறது.

இவற்றுள் நமக்கு எது பொருந்தும்? விடை காண நமது வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. கட்டணம் அறவிடாமல் நடத்த முன்வந்த சில பாடசாலைகள் தனியார் வசமே நின்றன. ஆகவே ஒரு பாடசாலையின் வளத்தை அதன் பெயர்ப்பலகை காட்டுவதில்லை. கொழும்பு றோயல் கல்லூரி அரசாங்கப் பாடசாலையே. ஆயினும் அதனைச் சிறு வித்தியாலயம் ஒன்றுடன் சேர்த்து ஒரே தட்டில் நிறுக்க யார் துணிவர்? 1884இல் தொடங்கிய ஹமீத் அல் ஹுசைனி கல்லூரி அரசாங்கப் பாடசாலையாயினும் உதைபந்தாட்டத்தில் பெயர் பெற்றது. 1865இல் எழுந்த கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் கல்லூரியும், 1892இல் எழுந்த மருதானை ஸாஹிறாக் கல்லூரியும் தனியார் பக்கத்தவை. இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி அரசாங்கத்தினது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி தனியாருடையது. இவர்களை வேலியிட்டுப் பிரித்தால் இரசிகர் காத்திருக்கும் ஆட்டங்கள் அற்றுப்போகும். சிறு வித்தியாலயத்தின் குறையும் தீராது.

எனவே வளத்தையும் முந்திய ஆண்டுகளின் பெறுபேற்றையும் அளவாகக் கொண்டு பிரிவுகள் அமைதலே நேரிது. வென்றவர் மேலேறவும் தோற்றவர் கீழிறங்கவும் வழி இருத்தல் வேண்டும். பெறுபேற்றின்படி பிரிவு வகுக்கும் வழக்கம் நமது பாடசாலைக் கிரிக்கெட்டிலும் றக்பியிலும் உண்டு. முதற் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டமாவது கிடைத்தால், ஒரு நாள் தோற்ற பிள்ளை மறுவாரம் தன் பிழையைத் திருத்திக்கொள்வான்.

இன்னொன்றும் உண்டு. சிறிய பாடசாலையொன்றில் ஒருவன் சிறந்து விளங்கினால், பெரிய பாடசாலை அவனை அழைத்துக்கொள்ளுதல் எளிது. ஏழைப் பிள்ளைக்கு அது உயர்வாகலாம். அதனைத் தடுப்பது பாவம். ஆனால் அவனை வளர்த்த ஆசிரியரும், அவனோடு ஆடிய பத்துப் பேரும் என்ன ஆவர்? ஆட்டத்துக்காக மாறியவன் ஓராண்டு பொறுத்தே புதிய அணியில் இறங்கலாம் என்ற விதி இருப்பின், கல்விக்காக மாறுபவனுக்கு இழப்பில்லை. ஆள் பிடிக்கும் அவசரமும் தணியும். மைதானம் உள்ள கல்லூரிகள் வாரத்தில் ஒரு மாலையேனும் அயற் பாடசாலைக்கு அதனைத் திறந்துவிடின், அது எந்த விதியினும் பெரிய சீர்திருத்தமாகும்.

வெற்றிக் கிண்ணம் ஒரு பாடசாலைக்குத்தான் போகும். ஆயினும் தோற்ற பிள்ளையும் மறுநாள் மாலை பந்தைத் தேடி வரவேண்டும். அவன் வராது போனால் அப்போட்டியை நடத்தியதன் பயன் யாது?