குடல் பயாப்ஸி தாளைப் படிப்பது எப்படி?

கேமரா விட்டுப் பார்க்கும்போது டாக்டர் குடலில் சதையைக் கிள்ளி எடுத்தார் என்றதுமே ‘கேன்சரா?’ என்று வயிறு கலங்கும். பெரும்பாலும் அதற்காக அல்ல. மாதக்கணக்கில் பேதி, மலத்தில் ரத்தம் என்றால், குடல் அழற்சி நோயா (குடலில் விட்டுவிட்டு வரும் நாள்பட்ட புண்ணும் வீக்கமும்) என்று பார்க்கத்தான்.

புண்ணே இல்லாத இடத்திலும் ஏன் கிள்ளினார்கள்? கண்ணுக்கு நலமாகத் தெரியும் இடமும் நுண்ணோக்கியில் வேறு கதை சொல்லும்.

தாளில் ‘கிரிப்ட்’ (குடலின் உள்தோலில் உள்ள நுண்ணிய சுரப்பிக் குழிகள்) என்று இருக்கும். நல்ல பெருங்குடலில் இவை நெட்டுக்குத்தாக, வரிசை பிசகாமல் நிற்கும். கோணி, கிளைவிட்டு நின்றால் நோய் நாள்பட்டது. நாலு நாள் வயிற்றுப்போக்கில் பொதுவாக இப்படி ஆவதில்லை. ‘கிரிப்ட் ஆப்சஸ்’ என்றால் அந்தக் குழிக்குள் சீழ் அணுக்கள். நோய் இப்போது உக்கிரம் என்று பொருள். கத்தி வைத்துக் கீறும் சீழ்க்கட்டி அல்ல.

குடல் அழற்சி நோயின் இரு முக்கிய வகைகளில் இது எது, அல்சரேடிவ் கொலைட்டிஸா, க்ரோன் நோயா? முன்னது பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் உள்தோலில் மேலேறும். பின்னது அங்கங்கே வரும், குடல்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். கிள்ளிய துணுக்கில் இருப்பதோ பெரும்பாலும் உள்தோல் மட்டும். அதனால் தாளை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், குடல் டிபி. ‘கிரானுலோமா’ (தற்காப்பு அணுக்கள் திரண்ட நுண்ணிய உருண்டை) க்ரோனிலும் வரும், டிபியிலும் வரும். டிபியில் அது பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் பாலாடைக்கட்டி போல அழுகியிருக்கும். எல்லாத் துணுக்கிலும் அது இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. க்ரோன் என்று நம்பி ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருப்பது டிபியானால் அது உடம்பெங்கும் பரவலாம். அதனால்தான் சில டாக்டர்கள் முதலில் டிபி மாத்திரை கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கேமரா விட்டுப் புண் ஆறியதா என்று பார்க்கிறார்கள். இழுத்தடிக்கிறார் என்று டாக்டரை மாற்றிவிடாதீர்கள்.

பேதி நின்றுவிட்டது, அழற்சி நோய்க்கான மருந்தை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்த வேண்டாம். வெளியே அடங்கிய நோய் நுண்ணோக்கியில் புகைந்துகொண்டிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

பெருங்குடலில் நோய் பரவலாக இருந்து சுமார் 8 ஆண்டு ஆனவர்கள் அவ்வப்போது கேமரா பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ‘டிஸ்பிளேசியா’ (புற்றுநோய்க்கு முந்தைய அணு மாற்றம்) என்று வந்தால், பயாப்ஸி கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் லேபில் கேட்டு வாங்கி இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள்.