நாற்றுகளுக்கு மின்னொளியை அளவறிந்து கொடுத்தல்

மாரிக் காலத்தில் வானம் நாட்கணக்காக மூடியிருக்கும்போது மிளகாய், தக்காளி, கறிமிளகாய் நாற்றுகள் வெளிறி, நெடுத்து, தண்டு மெலிந்து சாய்வதைக் கமக்காரர் அறிவர். இதனைத் தவிர்க்கும் பொருட்டுச் சிலர் நாற்றுத் தட்டுகளைக் கூரையின்கீழ் வைத்து எல்.ஈ.டி. விளக்கொளியில் வளர்க்கின்றனர். முறை நல்லதே. ஆயினும் விளக்கைப் பூட்டிய அன்றே முழு வலுவில் எரியவிட்டு நாற்றுகளை இழப்போரும் உளர்.

ஒளியை மதிப்பிடுவதற்குக் கண்ணை நம்புதல் ஆகாது. கண் மங்கலுக்கு விரைவிற் பழகிக்கொள்ளும். வெளிச்சமாகத் தோன்றும் அறையிலும் நாற்று ஒளியின்றி வாடக்கூடும். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 மைக்குரோமோல் ஒளி விழுகின்றது. முளைத்த நாற்றுக்கு 100 முதல் 150 வரை போதும். உண்மையிலைகள் விரிந்தபின் 200 முதல் 300 வரை கொடுக்கலாம். விளக்கின்மீது எழுதப்பட்டுள்ள உவாற்று அது செலவிடும் மின்சாரமேயன்றி, இலைக்குக் கிடைக்கும் ஒளியன்று.

வலுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள விளக்காயின் பாதியளவிற் தொடங்கி, மூன்று நாட்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்காகக் கூட்டுதல் பொருத்தமானது. பவளங்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்போரும் புதிய விளக்கின் வலுவை வாரக்கணக்கிற் சிறிது சிறிதாகவே ஏற்றுகின்றனர். திருகு இல்லையெனின் விளக்கை உயர்த்திக் கட்டுக. சிறு குமிழாயின் தூரம் இருமடங்காக, ஒளி காற்பங்காகும். நெருக்கமாகப் பூட்டிய நீண்ட குழல்களில் இக்குறைவு அவ்வளவு விரைவாக நிகழாது. வலு, உயரம், நேரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றலாகாது. மாற்றினால் எது கெடுத்தது என்பது தெரியாது போகும்.

தண்டு நீண்டு விளக்கை நோக்கி வளைந்தால் ஒளி போதாது. விளக்குக்கு அண்மையிலுள்ள மேல் இலைகள் வெளுத்து, ஓரம் சுருண்டால் ஒளி மிகுதி. கீழ் இலைகள் மட்டும் மஞ்சளாயின் அது பெரும்பாலும் நைதரசன் குறைவே. விளக்கில் கை வைக்க வேண்டியதில்லை. எல்.ஈ.டி. ஒளியில் வெப்பம் குறைவாதலால், இலைமட்டத்தில் கையைப் பிடித்துப் பார்த்து முடிவுசெய்வதும் பிழையாகும். கை சுடாத இடத்திலும் இலை வெளுக்கும்.

நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் ஒளி போதும். இரவு முழுவதும் எரியவிட்டால் தக்காளி இலை மஞ்சளாகும், மின்கட்டணமும் வீண்.

விளக்கொளியில் வளர்ந்த நாற்றை நேரே தோட்டத்தில் நடுதல் பெருந்தவறு. நண்பகல் வெயில் அதற்கு எட்டு மடங்கு வலியது. முதலிற் காலை வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்து, ஏழு முதல் பத்து நாட்களில் முழுவெயிலுக்குப் பழக்குக.

நாற்றுக்கொட்டிலின் அருகே வயல் இருப்பின் இரவொளி அதன்மீது விழாதவாறு மறைத்தல் வேண்டும். பகல் குறுகும்போதே பூக்கும் பழைய நெல்லினங்கள், இரவில் விளக்கொளி பட்டால் கதிர் தள்ளப் பிந்தும்.