மலிவு விலை ரைஸ் குக்கர்: மூன்றாம் முனையும் வாங்கிய ரசீதும்

எரிவாயு அடுப்புக்கு இடமோ அனுமதியோ இல்லாத வாடகை அறைகளில் தனித்து வாழும் தொழிலாளரும் மாணவரும் தம் கையால் சமைத்து உண்பதற்குச் சிறிய ரைஸ் குக்கர் பெரிதும் உதவுகிறது. அந்தப் பயன் பெரிது என்பதாலேயே அதன் ஆபத்துகளையும், அதை வாங்குவோர்க்குச் சட்டம் தந்துள்ள உரிமைகளையும் சேர்த்து அறிய வேண்டியுள்ளது.

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை அதன் அடி 100 டிகிரி செல்சியசை அதிகம் தாண்டுவதில்லை; தண்ணீர் வற்றி வெப்பம் ஏறியதும், வெப்பத் தகட்டின் நடுவிலுள்ள காந்தம் ஈர்ப்பை இழக்க, ஸ்பிரிங் சுவிட்சைத் தள்ளிவிடுகிறது. தகட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையே ஒரு சோற்றுப் பருக்கை சிக்கினாலும் இந்த ஏற்பாடு பிசகக்கூடும். அளவுக்கு மீறி அரிசியிட்டால் கஞ்சி பொங்கி வழிந்து உள்ளே இறங்கும். மின்கம்பிகளின் காப்புறை அதனால் கெடும்போது, உலோகத்தாலான வெளிக்கூட்டில் மின்சாரம் கசியும்.

அக்கசிவைக் கைக்கு வராமல் நிலத்துக்குக் கொண்டுபோவது, பிளக்கிலுள்ள தடித்த மூன்றாம் முனையான எர்த். அறையில் இரண்டு துளைச் சுவிட்ச் போர்டுதான் உள்ளது என்று அம்முனையை வெட்டுவதும், இருமுனை அடாப்டரைச் செருகுவதும் உயிரோடு விளையாடும் செயல்களாகும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புக் கருவியைப் பொருத்தித்தருமாறு வீட்டு உரிமையாளரிடம் கேட்பது மிகையான கோரிக்கை அன்று.

உணவைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும்: சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநிலையையும் தாங்குவதோடு, அது உண்டாக்கும் நச்சுகளுள் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்பதால், இணைப்பைத் துண்டித்த குக்கரில் சோற்றை இரவு முழுவதும் வெதுவெதுப்பாக விட்டுவைத்தல் தவறு.

வாங்கும்போது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் அச்சிடப்பட்டிருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். அதனினும் இன்றியமையாதது ரசீது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ரசீது தர மறுப்பதையும், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிக்காதபோது 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் முறையற்ற வணிக நடவடிக்கை என வரையறுப்பதால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்னும் அச்சு வாசகத்தைக் கண்டு வாங்கியவர் பின்வாங்க வேண்டியதில்லை.

குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் இழப்பீடு கோருவதற்கு அச்சட்டம் ‘பொருட்பொறுப்பு’ என்னும் வழியைத் தருகிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளுக்கு விற்றவரே பொறுப்பாவார் என்று அது கூறுவது, பெயரற்ற மலிவுக் குக்கர்களை வாங்குவோர்க்குப் பெரும் துணை. ஆயினும் தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர் மீது அவ்வழக்கைத் தொடர முடியாது என்பதால், வெட்டப்பட்ட எர்த் முனை உயிரைக் காக்கத் தவறுவதோடு வழக்கையும் வலுவிழக்கச் செய்துவிடலாம்.

விபத்துக்குப் பின் குக்கரைப் பழைய இரும்புக் கடையில் போடுவதும், பழுதுபார்க்கக் கொடுப்பதும் சான்றை அழிப்பதற்கு ஒப்பாகும். ஆய்வின்றிக் குறை தெளியாது எனக் கருதினால், நுகர்வோர் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிட்டும் தீராதபோது, வழக்குக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கறிஞரின்றி மனு அளிக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை.