நோம்பியில் நிறுத்திய பாட்டு

எண்பதுகளில் ராசிபுரம் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் நோம்பி என்றால் ரேடியோ செட் வந்துவிடும். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, சாமி பாட்டில் தொடங்கி, இருட்டியதும் சினிமாப் பாட்டுக்கு வருவார்கள். எங்கள் ஊரில் ஒரு வருஷம் 'பொன்மேனி உருகுதே' பாதி ஓடும்போதே பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "எடுறா அந்தத் தட்டை, பொம்பளைங்க இருக்கற எடம்." முள்ளைத் தூக்கிவிட்டார்கள். அடுத்து அவரே கேட்டு வாங்கியது 'கண்ணே கலைமானே'. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாட்டு அது. இரண்டும் ஒரே படம், 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'.

அந்த இசைத்தட்டை நாற்பது வருஷம் கழித்துச் சேலத்தில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். தூசி துடைத்து, 'பொன்மேனி'யில் முள்ளை வைத்தோம்.

பாஸ் கிட்டார்தான் என்னை முதலில் பிடித்தது. குழாய் ஸ்பீக்கர் தூரத்துக்குக் கேட்பதற்காகச் செய்தது; கீழ்ச்சுருதி அதில் ஏறாது. அன்று ஊரே கேட்டது எஸ். ஜானகியின் குரலையும் தாளத்தின் மேல்சத்தத்தையும்தான். மேற்கில் ஃபங்க் என்கிற இசையில் பாஸ் பின்னால் ஒதுங்கி நிற்காது, பாட்டையே இழுத்துக்கொண்டு போகும். இளையராஜா இங்கே அதைச் செய்திருக்கிறார். ஜானகி பாடுவதற்கும் மூச்சு விடுவதற்கும் நடுவில் எங்கோ குரலை நிறுத்துகிறார். அந்த இடம் குழாயில் எங்களுக்கு வந்துசேரவே இல்லை.

கங்கை அமரன் எழுதிய பாட்டு. வயதான தலைமை ஆசிரியரின் இளம் மனைவி, பள்ளிக்கூட வாத்தியார்மேல் கொண்ட ஆசையில் காணும் கனவு. இயக்குநர் பாலு மகேந்திரா அந்த ஏக்கத்தைக் கேலி செய்யவில்லை. ஊர்தான் அதைச் 'சில்க் பாட்டு' என்று ஒதுக்கியது. அந்த மனைவியாக நடித்த சில்க் ஸ்மிதா 1996-இல் 35 வயதில் இறந்தார். அந்தப் பெண்ணுக்கு நாம் செய்த அநியாயத்தில் இந்த ஒதுக்கலும் சேர்த்தி என்றே நினைக்கிறேன்.

2003-இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு, இதே இளையராஜா இசையமைத்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் 'உனக்கும் எனக்கும்' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தங்கள் 'எலிஃபங்க்' ஆல்பத்தில் வைத்தது. மகானைப் பற்றிய படத்தில் வந்த ஆட்டப்பாட்டு அது. மொழி தெரியாதவர்களுக்கு அதன் இசை முதலில் கேட்டிருக்கிறது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ரேடியோ செட் வைத்திருந்த வீடுகளின் பரணில் இன்னும் தட்டுகள் கிடக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும்; புத்தகம்போல் நிற்க வையுங்கள். 'பொன்மேனி' கிடைத்தால், படத்தை மறந்துவிட்டு ஒருமுறை கடைசிவரை கேளுங்கள்.