அம்மான்ரை காப்பும் குரோய்டன் தண்டவாளமும்

கன நாளா இந்தப் பக்கம் ஒண்டும் எழுதேல்லை. சோதனை எண்டு சிலபேர் நினைச்சிருப்பியள், காதல் எண்டு சிலபேர் நினைச்சிருப்பியள். இரண்டும் இல்லை :-) அம்மா வந்து நிண்டவா.

2025 ஜனவரி முதற்கிழமை வந்தவா. ஆறு கிழமை நிக்கிறதாத் திட்டம். வாழ்க்கையிலை முதல் விமானப் பயணம், முதல் வெளிநாடு. நான் ஒரு பட்டியலே போட்டு வைச்சிருந்தன்: விம்பிள்டன் பிள்ளையார் கோயில், லூசியம் சிவன் கோயில், டவர் பிரிட்ஜ், பிறகு ரெயின் ஏறி பிரைட்டன் கடல். கடல் மட்டும் அம்மா தானா வாய்விட்டுக் கேட்டது. கசூரினா பீச்சைத் தவிர வேறை கடற்கரையிலை தான் இருந்ததே இல்லையாம்.

நான் இருக்கிறது குரோய்டனிலை, லண்டன் றோட்டுக்குப் பக்கத்திலை ஒரு அறை. ஜனவரி 11, சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை தைப்பொங்கல் வருது, மரக்கறி வாங்கவேணும் எண்டு அம்மாவை சறே ஸ்ட்ரீட் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனன். 1276ஆம் ஆண்டிலை சந்தை நடத்த உரிமை குடுத்த இடம் அது. ஒரு கோப்பை நிறையக் கத்தரிக்காய் ஒரு பவுண் எண்டு கூவி விப்பினம். அம்மாவுக்குச் சரியான சந்தோசம். திருநெல்வேலிச் சந்தை மாதிரிக் கிடக்கு எண்டா. (இந்திய நண்பர்களே, இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி.)

சந்தையின்ரை மேல்முனையிலை கிரவுண் ஹில் எண்டு ஒரு சரிவு. 2000ஆம் ஆண்டு மே மாதம் குரோய்டனுக்கு ட்ராம் வந்ததிலையிருந்து அந்த றோட்டு நடுவாலை தண்டவாளம் ஓடுது. அண்டைக்குக் காலமை நல்ல உறைபனி. ட்ராம் மணி அடிச்சுக்கொண்டு வருது, அம்மா அவசரப்பட்டுத் தண்டவாளத்திலை காலை வைச்சா, சறுக்கிச்சு. வலக்கையை ஊண்டிக்கொண்டு விழுந்தா. ட்ராம் தூரத்திலைதான் நிண்டது, அது ஒண்டும் ஆபத்தில்லை. இரண்டு வெள்ளைக்காரப் பெடியள் ஓடிவந்து தூக்கிவிட்டவங்கள். அம்மா எழும்பினதும் செய்த முதல் வேலை, உருண்டுபோன கத்தரிக்காயைப் பொறுக்கினது.

"நோகுதோ அம்மா?"

"ஒண்டும் இல்லையப்பன். சும்மா தட்டுப்பட்டது."

நானும் நம்பிட்டன். இதை எழுதேக்கை வெக்கமாக் கிடக்கு. அண்டு பின்னேரமும், ஞாயிறு முழுக்கவும், அம்மா ஒரு சால்வையாலை கையை மூடிக்கொண்டு இருந்தவா. குளிருது எண்டு சொன்னவா. ஜனவரியிலை குளிருது எண்டால் ஆர் சந்தேகப்படப் போகினம்? இடக்கையாலை புட்டு அவிச்சுத் தந்தவா. புட்டு ஏன் கட்டியாக் கிடக்கு எண்டு நான் நக்கல் வேறை அடிச்சனான்.

திங்கக்கிழமை வகுப்பு முடிஞ்சு வந்து பாத்தால், கதிரையிலை இருந்து அழுதுகொண்டிருக்கிறா. சால்வையை எடுத்துப் பாத்தன். மணிக்கட்டு வளைஞ்சு, விரல் எல்லாம் நீலம் பாரிச்சு, வீக்கத்துக்குள்ளை தங்கக் காப்பு புதைஞ்சு போச்சு. அம்மம்மா போட்டுவிட்ட காப்பு அது.

ஏன் சொல்லேல்லை எண்டு கத்தினன். கத்தியிருக்கக் கூடாது. அவ சொன்ன காரணத்தைக் கேட்டபிறகு எனக்குக் குரல் வரேல்லை. கனடாவிலை இருக்கிற சொந்தக்காரர் ஆரோ போனிலை சொன்னவையாம், வெளிநாட்டிலை ஒரு இரவு ஆஸ்பத்திரியிலை படுத்தால் லட்சக்கணக்கிலை பில் வரும், கட்டாட்டில் பிள்ளையின்ரை விசாவைப் பறிச்சுப் போடுவாங்கள் எண்டு. "உன்ரை படிப்புக்காகக் காணியை வித்தனாங்கள். இனி விக்க என்ன கிடக்கு?" எண்டா. ஊருக்குப் போய் பரியாரியிட்டைக் காட்டினால் எண்ணெய் போட்டுக் கட்டிவிடுவார், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பம் எண்டதுதான் அவவின்ரை திட்டம். (உங்கடை புத்தூர்க் கட்டு மாதிரி எங்களிட்டையும் முறிவு நெரிவு பாக்கிற பரம்பரைப் பரியாரிமார் இருக்கினம்.)

இந்த இடத்திலை கதையை நிப்பாட்டிப்போட்டு ஒரு விசயம் சொல்லவேணும். இதை எழுத வந்ததே அதுக்காகத்தான். உங்களிலை கனபேர் அப்பா அம்மாவை இங்கை கூப்பிடுற ஆக்கள்.

அம்மா கேள்விப்பட்டது பாதி உண்மை. மாணவர் விசாவிலை இருக்கிற நான் வருசத்துக்கு 776 பவுண்ஸ் சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்டிப்போட்டுத்தான் வந்தனான். அதாலை எனக்கு என்எச்எஸ் திறந்திருக்கு. விருந்தாளி விசாவிலை ஆறு மாதத்துக்குள்ளை வந்து போறவைக்கு அந்தக் கட்டணமும் இல்லை, அந்தச் சலுகையும் இல்லை. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, எங்கடை ஊரிலையிருந்து வாற விருந்தாளி ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்தால், என்எச்எஸ் தனக்குள் போட்டுவைத்திருக்கிற விலையின் 150 வீதத்தைக் கட்டவேண்டும். 500 பவுண்ஸோ அதுக்கு மேலையோ இரண்டு மாதமாகக் கட்டாமல் கிடந்தால் ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிப்பார்கள். வைத்தியம் செய்துகொண்டவரின் அடுத்த விசா விண்ணப்பம் அதனாலேயே நிராகரிக்கப்படலாம். அம்மாவின் கடன் அம்மாவின் விசாவுக்குத்தான் பிரச்சினை, என்ரை விசாவுக்கு இல்லை. இதை நான் அவ வாறதுக்கு முதலே சொல்லியிருக்கவேணும்.

மற்றப் பாதிதான் ஒருத்தருக்கும் தெரியாதது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ளை நடக்கிற வைத்தியம் எந்த விசாக்காரருக்கும் இலவசம். எக்ஸ்றே, ஊசி, பிளாஸ்டர் எல்லாம் அதுக்குள்ளை அடங்கும். 111க்கு அடிச்சு ஆலோசனை கேக்கிறதும் இலவசம். வார்டிலை அனுமதிச்சால், இல்லாட்டி இன்ன திகதிக்குக் கிளினிக்குக்கு வா எண்டு சொன்னால், அங்கையிருந்துதான் மீற்றர் ஓடும். அதோடை, உடனடியாச் செய்யவேண்டிய வைத்தியத்தைக் காசு கட்டேல்லை எண்டு மறுக்கக் கூடாது. பில் பிறகு வரும், அது வேறை கதை.

இதெல்லாம் எனக்கு அண்டைக்கு முழுசாத் தெரியாது. போன வழியிலை போனிலை வாசிச்சது. அம்மா பஸ்ஸுக்குள்ளையும் "திரும்புவம் தம்பி" எண்டுகொண்டே வந்தா.

எந்த ஆஸ்பத்திரி எண்டு எழுதேல்லை, அது தேவையும் இல்லை. இரவு எட்டுக்குப் போய் இருந்தம், விடிய மூண்டுக்குத்தான் டொக்டர் கூப்பிட்டவர். நாலு மணித்தியாலத்துக்குள்ளை 95 வீதமானவையைப் பாத்து முடிக்கவேணும் எண்டது இங்கிலாந்து முழுக்க உள்ள இலக்கு. நாடளாவிய கணக்கிலை 2015க்குப் பிறகு அதை எட்டினதே இல்லை. எங்களுக்குப் பக்கத்திலை ஒரு கிழவர் நித்திரையிலை பாடிக்கொண்டிருந்தார். அம்மா அந்த நோவுக்குள்ளையும் சிரிச்சவா.

காப்பைத்தான் முதல் எடுக்கவேணும் எண்டவை. சவர்க்காரம் போட்டுப் பாத்தினம், அசையேல்லை. வெட்டவேணும், இல்லாட்டி விரலுக்கு இரத்தம் போகாது எண்டு சொல்லிச்சினம். எலும்பு முறிஞ்சதுக்கு அழாத மனிசி அதுக்கு அழுதா. நேர்ஸ் ஒரு மலையாளப் பிள்ளை. "அம்மே, பொன்னு பின்னே உண்டாக்காம்" எண்டு தடவிக்கொண்டே வெட்டினவ. இரண்டு துண்டையும் ஒரு சின்னப் பையிலை போட்டு அம்மான்ரை மடியிலை வைச்சா.

எக்ஸ்றேயிலை மணிக்கட்டுக்கு மேலை ஆரை எலும்பு முறிஞ்சு பின்பக்கமாச் சரிஞ்சிருந்தது. கொல்லீஸ் முறிவு எண்டு பேர். ஏபிரகாம் கொல்லீஸ் எண்ட டப்ளின் சத்திரசிகிச்சை நிபுணர் 1814இலை எழுதிவைச்சது. எக்ஸ்றே கண்டுபிடிச்சது 1895இலை. அந்த ஆள் கையாலை தொட்டுப் பாத்தே சரியாச் சொல்லியிருக்கிறார். கையை ஊண்டி விழுகிற, மாதவிடாய் நிண்ட பெண்களுக்குச் சர்வசாதாரணமாம். நிண்ட உயரத்திலையிருந்து விழுந்து எலும்பு முறிஞ்சால், எலும்பு தேஞ்சிருக்கோ எண்டு பாக்கவேணும் எண்டும் டொக்டர் சொன்னவர். அம்மாவுக்கு 58 வயசு. ஊரிலை ஒருத்தரும் இதைப்பற்றி அவவிட்டைக் கதைச்சதில்லை.

முறிவுக்குள்ளை மரப்பூசி போட்டு, ஒருத்தர் முழங்கையைப் பிடிக்க, ஒருத்தர் விரலை இழுக்க, எலும்பை நேராக்கிப் பிளாஸ்டர் போட்டினம். நான் திரைக்கு வெளியிலை நிண்டன். உள்ளை நிக்கத் தைரியம் இல்லை.

வெளியிலை வர விடிஞ்சு போச்சு. செவ்வாய்க்கிழமை, தைப்பொங்கல்.

அறைக்கு வந்து மின்னடுப்பிலை நான் பொங்கினன், அம்மா கட்டிலிலை இருந்து உத்தரவு போட்டா. "பாலை இப்ப விடு, இப்ப கிண்டாதை, வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ வழியிது?" திசை எனக்கெங்கை தெரியும்? கிழக்கு எண்டு சொல்லிவிட்டன்.

அதுக்குப் பிறகு நாலு கிழமை சுற்றுலா அந்த அறைக்குள்ளைதான். நான் அம்மாவுக்குத் தலை இழுத்துக் கொண்டை போடப் பழகினன். முதல் நாலு நாளும் அவிண்டு அவிண்டு விழுந்தது. சின்ன வயசிலை தனக்குப் பெம்பிளைப் பிள்ளை இல்லை எண்டு கவலைப்பட்டனாங்கள் எண்டு சொல்லிச் சிரிச்சா. ஊரிலை இருந்தால் இப்பிடி நாலு கிழமை என்னோடை இருந்து கதைச்சிருக்கமாட்டா. அப்பாவைப் பற்றிச் சில விசயங்கள் சொன்னவா, அதெல்லாம் இங்கை எழுதேலாது.

ஒரு கிழமை கழிச்சுக் கிளினிக். எனக்கு வயித்தைக் கலக்கினது அந்த நாள்தான். எலும்பு விலகியிருந்தால் தகடு வைச்சு ஒப்பரேசன், பில் எங்கை போய் நிக்கும் எண்டு தெரியாது. பயணக் காப்புறுதி எடுக்கேல்லை. டிக்கெட் எடுக்கேக்கை அந்தப் பெட்டியிலை சரி போடாமல் விட்டவன் நான்தான். விழுந்தாப் பிறகு எடுத்தால் விழுந்ததுக்குச் செல்லாது. நல்லகாலம், எலும்பு இடத்திலையே நிண்டது. கிளினிக்குக்கும் எக்ஸ்றேக்கும் வந்த பில் 500ஐ எட்டேல்லை. தவணையிலை கட்டுறன் எண்டு கேட்டன், ஒத்துக்கொண்டினம்.

பிளாஸ்டர் கழட்டுறது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலை எண்டு முடிவாச்சு. அங்கை காசில்லை. ரெயின் ஏற ஈஸ்ற் குரோய்டனுக்குப் போகேக்கையெல்லாம் வெல்லஸ்லி றோட்டிலை லூனார் ஹவுஸைக் கடப்பம். எங்கடை மூத்த தலைமுறை விசாவுக்காக விடியக்காலமை வரிசையிலை நிண்ட கட்டடம். ஒருக்கா அம்மா நிமிந்து பாத்து, "உதிலையோ என்ரை பேர் எழுதிவைப்பாங்கள்?" எண்டு கேட்டா. பில் கட்டினால் எழுதமாட்டாங்கள் எண்டன். கையைச் சால்வைக்குள்ளை இழுத்துக்கொண்டுதான் நடந்தா.

கடைசிச் சனிக்கிழமை பிரைட்டன் போனம். பட்டியலிலை மிஞ்சினது அது ஒண்டுதான். காத்து ஆளைத் தூக்குது. பிரைட்டன் கடற்கரையிலை மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல்லு. அம்மா ஒரு அடி வைச்சுப் பாத்திட்டுத் திரும்பிப் போய் வாங்கிலை இருந்திட்டா.

"இதென்ன கடற்கரையோ, கல்லுடைக்கிற இடமோ? மற்றக் கையையும் உடைக்கக் கூட்டிக்கொண்டு வந்தியோ?"

இடக்கையாலை சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தா. காப்புத் துண்டு இரண்டும் கைப்பையிலைதான் கிடந்தது. யாழ்ப்பாணத்திலை குடுத்து ஒட்டலாமாம், ஆனா ஒட்டமாட்டாவாம், அப்பிடியே வைச்சிருக்கப் போறாவாம்.