ஐடியா வறண்டுபோச்சா? ரிசைன் பண்றதுக்கு முன்னாடி சோலூருக்கு ஒரு கணக்கு போடுங்க



"ரெண்டு வருஷமா ஒரே மாதிரி பேனர், ஒரே மாதிரி ஆப் ஸ்கிரீன். புதுசா எதுவுமே தோணலை சார். வேலையை விட்டுட்டு மூணு மாசம் எங்கயாவது மலைப்பக்கம் போய் உட்காரலாமா?" டிசைனரா வேலை பார்க்கிறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மனசுக்கு என்ன வேணும்னு சொல்ற தகுதி எனக்கு இல்லை. அதுக்கு எவ்வளவு ஆகும்னு சொல்ல முடியும்.

உங்க கைக்கு வர்ற சம்பளம் மாசம் 45,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. மூணு மாசம் வேலை இல்லைன்னா 1,35,000 ரூபாய் வரவு போச்சு. வாடகை நிக்காது, அதனால சேமிப்பும் கரையும். பிஎஃப் பங்களிப்பு நிக்கும். பலர் மறக்கிற விஷயம், கம்பெனி கொடுத்த குரூப் ஹெல்த் இன்ஷூரன்ஸும் வேலையோட போயிடும். மூணாவது மாசமே அடுத்த வேலை கிடைக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கப் போறதில்லை.

இப்போ இன்னொரு கணக்கு. நீலகிரியில ஊட்டியைத் தாண்டி சோலூர்னு ஒரு பேரூராட்சி இருக்கு. சுத்தி தேயிலைத் தோட்டம், படுகர் ஊர்கள், தோடர் மந்துகள். ஊட்டி ஏரிக்கரை மாதிரி கூட்டமோ கடைத்தெருவோ கிடையாது. நமக்கு அதுதானே வேணும்! சென்னையிலிருந்து ஞாயிறு ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ்ல கிளம்பி மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். வியாழன் ராத்திரி திரும்பினா வெள்ளிக்கிழமை ஆபீஸ். நாலு நாள் லீவு போதும்.

ஒரு உதாரண பட்ஜெட்: ஸ்லீப்பர் டிக்கெட், பஸ் எல்லாம் சேர்த்து 1,500. சாதாரண ரூம் மூணு ராத்திரிக்கு 5,400, அதுக்கு 5% ஜிஎஸ்டி 270. சாப்பாடு 2,000. உள்ளூர் ஆட்டோ, ஜீப்புக்கு 1,500. மொத்தம் 10,670 ரூபாய். உங்க ரேட் கூடக்குறைய இருக்கலாம். மாசம் 1,100 ரூபாய் ஆர்.டி. போட்டா பத்தே மாசத்துல பணம் ரெடி. இதையே கிரெடிட் கார்டுல தேய்ச்சு மினிமம் டியூ மட்டும் கட்டினீங்கன்னா, மாசம் 3%க்கு மேல வட்டி ஓடும். மலையில ஆறின தலை பில் பார்த்ததும் திரும்ப சூடாயிடும்.

"லீவை சேர்த்து வெச்சு காசாக்கலாமே?" அதையும் பார்த்துடுவோம். நிறைய கம்பெனியில லீவ் என்காஷ்மென்ட் பேசிக் சம்பளத்தை வெச்சுதான் கணக்கு. பேசிக் 22,500ன்னா ஒரு நாளைக்கு 750, நாலு நாளுக்கு 3,000 ரூபாய். வேலையில இருக்கும்போதே வாங்கினா அது முழுசும் வரிக்கு உட்பட்ட வருமானம். இவ்வளவுக்காகவா நாலு நாளை விக்கணும்?

டிசைன் உலகத்துல இதைப் பெரிய அளவுல செஞ்சவர் ஸ்டெஃபான் சாக்மெய்ஸ்டர். நியூயார்க்ல ஸ்டூடியோ வெச்சிருந்த அவர், ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை கடையை ஒரு வருஷம் மூடிடுவார். ஒரு தடவை பாலித் தீவுக்குப் போனார். 2009 டெட் உரையில அவர் சொன்ன லாஜிக் ஒரு ரிட்டயர்மென்ட் பிளான் மாதிரியே இருக்கும். 25 வருஷம் படிப்பு, 40 வருஷம் வேலை, 15 வருஷம் ஓய்வு. அந்தக் கடைசி ஓய்வுல இருந்து அஞ்சு வருஷத்தை வெட்டி எடுத்து, வேலை செய்ற வருஷங்களுக்கு நடுவுல செருகிக்கிறார். நமக்கு ஒரு வருஷம் கட்டுப்படியாகாது. ஆனா அவர் கதையில நமக்கு உதவற பகுதி வேற. முதல் தடவை பிளானே இல்லாமப் போய், சின்னச் சின்ன வேலைகளை ஒத்துக்கிட்டு, தனக்குத் தானே இன்டர்ன் ஆயிட்டாராம். அப்புறம் என்னென்ன செய்ய ஆசைன்னு பட்டியல் போட்டு, டைம்டேபிள் போட்டாராம்.

சோலூர் பக்கம் போறவங்களுக்கு நான் சொல்ற டைம்டேபிள்ல தோடர் எம்பிராய்டரி கண்டிப்பா இருக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில சிவப்பும் கறுப்பும். துணியில வரைஞ்சுக்கிறதே இல்லை, இழையை எண்ணி எண்ணித்தான் டிசைன் வரும். கிரிட் வெச்சு வேலை செய்றவங்களுக்கு இதை விட நல்ல பாடம் இருக்கா? ஒரே ஒரு வேண்டுகோள். 2013லேயே புவிசார் குறியீடு வாங்கின கலை இது. போட்டோ எடுக்கும் முன்னாடி கேளுங்க, வாங்கினா பேரம் பேசாதீங்க, அந்த வடிவத்தை அப்படியே சுட்டு கிளையன்ட்டுக்கு விக்காதீங்க.

சரி, வரியில ஏதாவது மிச்சமாகுமா? சம்பளக்காரருக்கு ரிட்ரீட் செலவுன்னு தனிக் கழிவு எதுவும் கிடையாது. புது வரி முறையில 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அவ்வளவுதான். பழைய முறையில இருந்து, சம்பளத்துல எல்டிஏ இருந்தா, டிக்கெட் செலவுக்கு மட்டும் விலக்கு உண்டு. ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. நாலு வருஷ பிளாக்குக்கு ரெண்டு தடவை. 2022-2025 பிளாக்ல ஒண்ணு பாக்கி இருந்தா, அதை 2026க்குள்ள பயன்படுத்திக்கலாம். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க, லீவ் அப்ரூவல் மெயிலையும் எடுத்து வைங்க. வேலைக்குத் தேவையான டிரெய்னிங்னு கம்பெனியே அனுப்பினா, பொதுவா உங்க கையில வரி விழாது. அதனால ஏதாவது வொர்க்‌ஷாப்போட சேர்ந்த ரிட்ரீட்னா முதல்ல மேனேஜர்கிட்ட கேட்டுப் பாருங்க, பில் கம்பெனி பேர்லயே இருக்கட்டும்.

மே மாசம் சீசன் ரேட், கூட்டமும் ஜாஸ்தி. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை மழை. டிசம்பர், ஜனவரியில உறைபனி விழும், கம்பளிக்கும் பட்ஜெட்ல இடம் விடுங்க. பஸ்ல போனா இ-பாஸ் வேண்டாம். வெளியூர் கார், பைக்னா கட்டாயம், அது இலவசம்தான். ஆனா ஒரு நாளைக்கு எத்தனை வண்டிங்கிறதுக்கு கோர்ட் உச்சவரம்பு வெச்சிருக்கு. 2025 ஏப்ரல்ல வந்தப்போ வாரநாள்ல 6,000, வார இறுதியில 8,000. தேதி முடிவானதும் ரூமுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி பாஸைப் போட்டுடுங்க.