டிஸ்க் ஓடுது, சரி. நல்லா இருக்கா?

எபிசோட்ல அவசரமா சொல்லிட்டுப் போனதை இங்கே கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

பாட்டி பேசின வீடியோ எங்ககிட்ட ஒரே ஒரு டிவிடியில்தான் இருக்கு. 2006-ல் நான் பர்ன் பண்ணது. போன வாரம் போட்டுப் பார்த்தேன், தடங்கல் இல்லாம ஓடுச்சு. அதை நம்பித்தான் நாம ஏமாறுறோம்.

டிவிடியில் தகவலோடு பிழைதிருத்தக் குறியீடும் சேர்ந்தே பதிவாகும். படிக்கும்போது வரும் பிழைகளை டிரைவ் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்துவிடும். பிழைகள் திருத்த முடியாத அளவுக்குப் பெருகும்வரை திரையில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது அந்தப் பகுதி போயிருக்கும்.

அந்தப் பிழைகளை எண்ணிக் காட்டத்தான் நீரோ டிஸ்க்ஸ்பீட் மாதிரி மென்பொருள்கள், லினக்ஸ்ல கியூபிஎக்ஸ்டூல். பிஐஇ, பிஐஎஃப்னு ரெண்டு வரைபடம் வரும். பிஐஇ 280-ஐத் தாண்டக் கூடாது, பிஐஎஃப் 4-ஐத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. நான் முதலில் பார்ப்பது பிஐஎஃப்-ஐ, அதுவும் டிஸ்க்கின் வெளி விளிம்புப் பக்கம்.

ஒரு சிக்கல்: எல்லா டிரைவும் இந்தக் கணக்கைச் சொல்லாது. பழைய லைட்-ஆன் டிரைவ்கள் பல சொல்லும் (என்னுடையது பழைய சாமான் கடையில் கிடைத்தது). டிரைவ் மாறினா எண்ணும் மாறும். அதனால் ஒரே டிரைவ், ஒரே வேகம், வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன். பழைய படத்தோடு ஒப்பிட்டா சரிவு தெரிஞ்சுடும்.

பாட்டி டிஸ்க்கில் விளிம்புப் பக்கம் பிஐஇ 600-ஐத் தாண்டியது. அன்னிக்கு ராத்திரியே ஐஎஸ்ஓ எடுத்து, தங்கச்சிக்கும் ஒரு பிரதி அனுப்பிட்டேன்.